பேச முடியாது, கேட்க முடியும்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். எப்போதும் கை தானாக எழுதிவிடுகிற வார்த்தைதான் இந்தச் ‘சுகம்’, ஆனால் இந்த முறை நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பயப்படாதே, நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதற்கு என்ன கதை என்று கேட்பாய், அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மாவின் வாயை அடைத்தவன் நான்தான், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அவளை விட்டுவிடு.

மூன்று மாதமாக என் குரல் கரகரவென்றுதான் இருந்தது. தெருவில் பிரசங்கம் செய்கிறவனுக்குத் தொண்டை கட்டுவது புதிதா என்று நான் வெந்நீரும் உப்புமாகக் காலம் தள்ளினேன். கடைசியில் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தொண்டை டாக்டர் உன் வயதுப் பெண், குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் வருகிற இடத்தில் அரை மிளகு அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றாள். அந்தப் பரிசோதனை புற்றுநோய்க்குத்தான் என்று கேட்காமலே தெரிந்தது. எடுத்தார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆகும், அதுவரைக்கும் அதற்குப் பிறகும் சேர்த்து மொத்தம் மூன்று வாரம் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டாள். கையில் மைக் இருக்கும்போது ஏன் கத்தினீங்க என்று வேறு கேட்டாள். முப்பத்தொரு வருடம் பஸ் இன்ஜினுக்கு மேலே கத்தி டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்கு மைக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அதைச் சொல்லவும் வாய் இல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு விசில் கொடுத்தால் அம்மா நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் போகலாம். முதல் நாள் சிரித்தாள், மூன்றாம் நாள் விசிலைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். நம் வீட்டில் இத்தனை அமைதி நீ பிறப்பதற்கு முன்பு கூட இருந்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறாளாம். சிரிப்பாள், ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கால் தானாக பஸ் நிலைய முக்குக்குப் போய்விடும். மைக்கை வைத்துவிட்டு வேதப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நான் வழக்கமாக நிற்கிற விளக்குக் கம்பத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு என்ன சத்தத்தையே காணோம் என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். நான் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தேன். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா, என் காதில் வந்து கத்த ஆரம்பித்தார்கள். வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று யார் சட்டம் போட்டார்களோ. பழக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் அன்றைக்குக் காது கிழிந்துவிட்டது. மறுநாள் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் ‘பேச முடியாது, கேட்க முடியும்’ என்று எழுதி மடியில் வைத்துக்கொண்டேன். நான் எழுதியது இவ்வளவுதான், ஐயா கத்தாதீர்கள். ஆனால் ஜனங்கள் அதை வேறு மாதிரிப் படித்துவிட்டார்கள். ஏதோ குறை கேட்கிற ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒவ்வொருத்தராக வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள்.

எதிரே சாவி போடுகிற கடைக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், நான் மைக்கைத் தொட்டதும் ரேடியோவைத் திருகுகிறவர். நாலு வருடமாக அவரை மிஞ்ச நானும் என்னை மிஞ்ச அவரும் என்று இருந்தோம், என் பிரசங்கத்தில் பாதி அவர் ரேடியோவுக்குச் சொன்ன பதில்தான். நாலாம் நாள் அவர் கடையை விட்டு இறங்கி வந்தார். அட்டையைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். பெரியவர் வேறு ஊரில் படுக்கையாகக் கிடக்கிறாராம், இவர் ஆறு வருடமாகப் போய்ப் பார்க்கவில்லையாம். இவருடைய கல்யாணத்தன்று கூட்டத்துக்கு நடுவில், கையாலாகாத பயலுக்கு ஒரு பெண்ணும் கிடைத்துவிட்டாள் என்று அவர் சொல்லிச் சிரித்துவிட்டாராம். சாவி அறுக்கிற அரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார். “நாலு பேர் முன்னால சொன்னாருங்க. அப்புறம் தனியா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லலையே.”

வாய் மட்டும் இருந்திருந்தால் தகப்பனைக் கனம் பண்ணச் சொல்கிற கட்டளையை எடுத்து அங்கேயே அவர் தலையில் வைத்திருப்பேன். வாய் இல்லாமல் போனது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது நீதான்.

அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். போன வருடம் நீ உன் மாமியாரோடு அந்த முக்கு வழியாக வந்தாய். நான் உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் மைக்கிலேயே, அதோ போகிறாளே அவள் என் மகள், ஞாயிறு பள்ளியில் முதல் பரிசு வாங்கினவள், இப்போது ஆலயத்துக்குப் போக நேரமில்லை என்கிறாள், அவளுக்காகவும் ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நின்றதும், நீ செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்ததும் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனாய். அன்றிலிருந்து பதினோரு மாதம், போன் வந்தால் ‘அம்மா இருக்காங்களா’ என்பதற்கு மேல் எனக்கு உன் குரல் கிடைக்கவில்லை. போகும்போது ஒன்று மட்டும் கேட்டாய். “தெருவுல நின்னு கத்தச் சொல்லி வேதத்துல எங்கப்பா இருக்கு?”

எங்கே இல்லை என்று நான் இருபத்துமூன்று இடங்களை உன் போனுக்கு அனுப்பினேன். ஞானம் வீதியில் நின்று கூப்பிடுவது, யோனா பட்டணத்துக்குள் நடந்து நடந்து எச்சரித்தது, ஆண்டவரே மலையிலும் கடற்கரையிலும் படகிலும் உட்கார்ந்து போதித்தது, காதில் கேட்டதை வீட்டு மாடியில் நின்று சொல்லச் சொன்னது, பேதுரு எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தியது, பவுல் சந்தைவெளியில் தினந்தோறும் பிரசங்கித்தது. நீ ஒன்றே ஒன்றை அனுப்பினாய், வரப்போகிற ஆண்டவருடைய சத்தம் வீதியில் கேட்காது என்று தீர்க்கதரிசி சொன்ன இடத்தை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வாளாலேயே என்னைக் குத்திவிட்டாள் என்று அம்மாவிடம் கத்தினேன்.

இப்போது கேள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் என்னால் வாய்விட்டு வாசிக்க முடியாததால் அம்மாதான் எனக்கு வேதம் வாசித்தாள். என் இருபத்துமூன்று இடங்களையும் எழுதிக் காட்டி வரிசையாக வாசிக்க வைத்தேன், மனதைத் தேற்றிக்கொள்ளத்தான். சந்தைவெளிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி வாசித்தாள். “இங்க பிரசங்கம்னு இல்லீங்களே, சம்பாஷணைன்னுல்ல போட்டிருக்கு. சம்பாஷணைன்னா ரெண்டு பேர் பேசணுமே.” நான் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். சம்பாஷணைதான். எதிர்ப்பட்டவர்களோடு சம்பாஷணை. இருபது வருடமாக அந்த இடத்தைப் பார்க்காமல் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் ‘பிரசங்கித்தான்’ என்றே சொல்லியிருக்கிறேன், உனக்கு அனுப்பியதிலும் அப்படித்தான். ஒரு ஆள் மட்டும் பேசுகிற சந்தை எங்கே இருக்கிறது. அதோடு நீ அனுப்பிய இடத்தையும் எடுத்துக் காட்டி வாசிக்க வைத்தேன். அடுத்த வரியிலேயே, நெரிந்துபோன நாணலை அவர் ஒடிக்க மாட்டார் என்று இருக்கிறது. நீயும் அதுவரை வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. தெருவுக்குப் போகக் கூடாது என்று அங்கே இல்லை மகளே, தெருவுக்குப் போனவர்தானே அவரும். தெருவில் நிற்கிற யாரையும் ஒடித்துவிடக் கூடாது என்று இருக்கிறது. நான் அந்த முக்கில் நின்று என் சொந்த மகளை ஒடித்தேன். தப்பு என்னுடையது. நாலு பேர் முன்னால் சொன்னதைத் தனியாக வந்து திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். என்னை மன்னித்துவிடு.

நேற்று முடிவு வந்தது. டாக்டர் பெண் காகிதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பயப்படுற மாதிரி எதுவும் இல்லை, கத்திக் கத்திக் காய்ப்பு விழுந்திருக்கிறது, கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போவது போல என்றாள். அம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. எழுந்து குதித்து அல்லேலூயா சொல்ல வாயைத் திறந்தேன், டாக்டர் விரலைக் காட்டினாள், மூடிக்கொண்டேன். வருகிற வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை, பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவும் மறந்துவிட்டாள், கண்டக்டர் பெண்டாட்டிக்கு வந்த கேடு பார். இறங்கும்போது சாவிக்கடைக்காரர் கையைக் காட்டினார். மூன்று நாளாக அவர் கடை பூட்டிக் கிடந்தது. போய்ப் பார்த்துட்டு வந்தேங்க, அப்பா சாப்பிடுறாரு என்று மட்டும் சொல்லிவிட்டு ரேடியோவைக் குறைத்தார். நான் ஒரு வசனம் கூடச் சொல்லவில்லை, அதை நீ நம்ப வேண்டும்.

முக்குக்குப் போவதை நிறுத்த மாட்டேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. நற்செய்தியை ஆலயத்துக்குள் பூட்டி வைக்க எனக்கு உத்தரவு இல்லை. ஸ்டூலும் அட்டையும் அங்கேயே இருக்கும், பக்கத்தில் இன்னொரு ஸ்டூலும் போடப் போகிறேன். மைக்கைப் போதகரிடம் கொடுத்துவிட்டேன், வேறு யார் காதையாவது கிழிக்கட்டும்.

நீ அங்கே வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடுகிறாய் என்று அம்மா சொல்கிறாள், விடாதே. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றச் சொல். சம்பந்தி அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், இல்லை வேண்டாம், அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வீட்டில் சமாதானம் இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. என் மூன்று வாரம் அடுத்த வாரம் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மெதுவாக, அவ்வளவுதான் பேசலாமாம். முதல் பத்து நிமிடத்தைத் தெருவுக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அம்மா இருக்காங்களா என்று கேட்காதே, அவளைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு நொடி போதும், மீதி நேரம் முழுக்க நீ பேசு, வாயாடி.

கேட்க முடிகிற,
உன் அப்பா