துப்ப வேண்டாத புகையிலை

காஞ்சிபுரம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் தேவிப்ரியாவுக்குப் பெரியப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். உன் அப்பாவையும் சேர்த்து எழுதக் கை வரவில்லை. "மஸ்கட்ல தனியா இருக்குது பொண்ணு, பயந்துடும், எழுதாதீங்க மாமா" என்றாள் உன் அம்மா. ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

மூன்று வருடம் முன்பு, முகூர்த்தப் புடவை ஒன்றின் முந்தானையில் உன் அப்பா லோகுவின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு ஒரு துளி விழுந்தது உனக்கு நினைவிருக்கும். முதலாளி அந்தப் புடவையை எடுத்துக்கொள்ளவில்லை. தறிப் பக்கம் பீடியும் ஆகாது, பட்டில் வாசனை ஏறிவிடும். அப்போது புதினா வாசனையில் ஒரு புகையிலை கிடைத்தது. சின்னப் பை, நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டால் துப்பவே வேண்டாம். எங்கள் தெருவில் நெய்கிறவர்கள் பாதிப் பேர் அதற்கு மாறினார்கள். அவனை மாறச் சொன்னவன் நான்தான். "வாத்தியாரே சொல்லிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே முதல் பையை வைத்தான்.

வேப்பங்காயை எந்தக் குழந்தையும் இரண்டாவது தரம் கடிக்காது, கசப்புதான் காவல் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தக் காவலை எடுத்துவிட்டுத்தான் மிட்டாய் வாசனை போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. விற்கத் தடை என்பதும் தெரியும். சிட்டிபாபு கடையில் கேட்டவுடன் கிடைத்ததால் பெரிய கெடுதல் இருக்காது என்று நினைத்துவிட்டேன்.

போன மாதம் அந்தக் கடைக்குச் சீல் வைத்தார்கள். இனி அவன் விட்டுவிடுவான் என்று எனக்கு நிம்மதி. மூன்றாம் நாள் உன் அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை, உள்ளே புண். "இழையே தெரியலண்ணா, கை உதறுது. ஒண்ணே ஒண்ணு வாங்கியாந்து குடுபா" என்று அழுதான். வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினேன். மறைத்து வைத்து விற்றவன் என்னிடம் படித்தவன். "சார், நீங்களா?" என்றான். இரண்டு பொட்டலம் வாங்கினேன். அடுத்த வாரமும் போனேன்.

புற்றுநோய்தான் அம்மா. திங்கட்கிழமை ஆபரேஷன். நாக்கில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டுமாம். டாக்டர் சொன்னதை அவனும் கேட்டான். வெளியே வந்து, "தறி ஓட்ட நாக்கு எதுக்குண்ணா?" என்றான்.

லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஞாயிறுக்குள் அவனுக்கு ஃபோன் செய். புண்ணைப் பற்றிக் கேட்காதே. என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். அவனைப் பேச விடு. குழறும். புரியாவிட்டாலும் "என்னப்பா?" என்று கேட்காமல் உம் கொட்டு. நீயாக ஃபோனை வைத்துவிடாதே, அம்மா.

வரதர் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் பெரியப்பா,
தினகரன்