நாற்பத்துநான்கு வினாடி

அப்பா,

உங்கள் வேலைச் சப்பாத்து இப்போது எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. தொழிற்சாலையில் உங்கள் அலுமாரியை ஒழித்து, அதில் இருந்ததையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு உங்களோடு வேலை செய்த யோகன் மாமா கொண்டுவந்து தந்தார். சப்பாத்து, காது மூடி, பிடி உடைந்த தேநீர்க் கோப்பை, நோவுக்குப் பூசும் களிம்புக் குழாய்கள் மூன்று. பெட்டியைத் திறந்ததும் அந்தக் களிம்பின் மணம்தான் முகத்தில் அடித்தது. வேலைக்கு நடுவில் பூசுவதற்கென்றே மூன்று குழாய் வைத்திருந்திருக்கிறீர்கள். தோள் ஏன் வலிக்கிறது என்று நான் கேட்டபோது, வாசலில் பனி வழித்ததில் தசை பிடித்துவிட்டது என்றீர்கள்.

அம்மா சப்பாத்தைப் பார்த்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்தவரோடு என்ன கோபம் என்று அம்மா கேட்கிறார். டென்மார்க்கில் வளர்ந்து, உங்களோடு எப்போதும் டெனிஷ் மொழியில் சண்டை பிடித்தவள் இதைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனீர்களே, அதன் பலனை அனுபவியுங்கள்.

தொழிற்சாலைப் பொறியியல் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று நினைவிருக்கிறதா? "இஞ்சினியர் எண்டால் பாலம் கட்டுவியோ, வீடு கட்டுவியோ?" என்று கேட்டீர்கள். இரண்டும் இல்லை, ஒரு வேலை எப்படி நடக்கிறது, எங்கே நேரம் வீணாகிறது, எப்படிச் சுலபமாக்கலாம் என்று பார்ப்பது என்றேன். "வேலை செய்யிறவனைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கும் அஞ்சு வருசப் படிப்போ?" என்று வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். அடுத்த கிழமை கோயில் திருவிழாவில் கண்டவர் நின்றவரிடமெல்லாம் "மகள் இஞ்சினியர்" என்று சொல்லித் திரிந்ததும் நீங்கள்தான். நான் அப்போது முதலாம் ஆண்டு.

பிறகு பிரக்டிக் வந்தது. ஒரு தவணை முழுக்க ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை பழக வேண்டும். நான் படிக்கும் ஆர்ஹூஸ் நகரில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது எங்கள் ஊர் ஸ்கீவவில், நீங்கள் இருபது வருடத்துக்கு மேலாகத் தளபாடம் பொதி செய்துவந்த அதே தொழிற்சாலையில். முதல் நாள் காரில் போகும்போது சொன்னீர்கள்: "அங்கை என்னை அப்பா எண்டு கூப்பிடாதை. நீ படிச்ச பிள்ளையாப் போறாய். பொதி கட்டுறவன்ர மகளாப் போகவேண்டாம்."

மறைப்பது சுலபமாக இருந்தது. உங்கள் பெயர்தான் என் கடைசிப் பெயர். உங்கள் கடைசிப் பெயர் அப்பப்பாவுடையது. டெனிஷ்காரர் பட்டியலைப் பார்த்தால் நாம் இருவரும் யாரோ எவரோ. உங்கள் நீளமான பெயர் வாயில் நுழையாமல் அவர்கள் முதல் இரண்டு எழுத்தால்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரரின் வேலையை அளக்கக்கூடாது என்று எங்களுக்கு வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். அது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான்கு பொதி மேசைகளில் மூன்றாவதை அளக்கும்படி மேற்பார்வையாளர் சொன்னார். மூன்றாவது மேசையில் நின்றது நீங்கள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. முகம் மழித்து, வேலைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள். பொதி கட்டுவதற்கு யாராவது சட்டையை அயர்ன் பண்ணுவார்களா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் கையில் நேரமானியோடு நின்றேன். பலகைகள், ஆணிப் பை, மூலைக்கு வைக்கும் பஞ்சு, பெட்டியை மூடி ஒட்டி, தூக்கி அடுக்குவது. ஒரு பெட்டி முடிய அடுத்தது. நீங்கள் நிமிரவில்லை. என்னைப் பார்க்கவில்லை. முப்பது பெட்டி அளந்தேன். சராசரி நாற்பத்துநான்கு வினாடி.

நேரத்தை மட்டும் எழுதினால் எங்கள் தொழிலில் போதாது. வேலை செய்கிறவர் இயல்பாகச் செய்தாரா, விரைந்து செய்தாரா, மெதுவாகச் செய்தாரா என்று அளப்பவர் கண்ணால் பார்த்து ஒரு எண் போட வேண்டும். இயல்பான வேகத்துக்கு நூறு. விரைந்தால் நூறைவிடக் கூட, மெதுவென்றால் குறைய. அந்த எண்ணை வைத்துத்தான் எல்லோருக்குமான நேரத்தைக் கணக்கிடுவார்கள்; எண் கூடினால் எல்லோருக்கும் கிடைக்கும் நேரமும் கூடும். நான் நூறு என்று எழுதினேன்.

யாருக்கு? ஒரு மீன் தலையை ஒரு மணித்தியாலம் சாப்பிடுகிறவருக்கு. "இந்த மனுசன் சப்பாத்துப் போட்டு முடிய பஸ் போயிடும்" என்று அம்மாவிடம் ஒவ்வொரு நாளும் வாங்கிக்கட்டுகிறவருக்கு. உங்கள் இயல்பான வேகம் எது என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? வேலையிடத்தில் அப்பா வேறு ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் எழுதின நூறு அது. உங்களைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன், கவலைப்படாதேங்கோ.

அறிக்கைக்குப் பன்னிரண்டு கிடைத்தது, அதற்கு மேல் புள்ளி கிடையாது. நீங்கள் கேக் வாங்கி வந்தீர்கள், இடது கையில் தூக்கிக்கொண்டு. தொழிற்சாலை என் நாற்பத்துநான்கு வினாடியை நான்கு மேசைக்கும் விதியாக்கியது. மேசைக்கு மேலே ஒரு திரை மாட்டினார்கள். நேரத்துக்குள் முடித்தால் பச்சை, பிந்தினால் சிவப்பு. படிப்பு முடிந்ததும் என்னை வேலைக்கு எடுப்பதாகவும் சொன்னார்கள். இது ஒன்றரை வருடத்துக்கு முந்திய கதை. அந்த ஒன்றரை வருடமும் நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வேலை எப்படி என்று கேட்பேன். "எல்லாம் சுகம்" என்பீர்கள். சோற்றைக் குழைக்கும்போது நடுவில் நிறுத்தித் தோளைப் பிடிப்பீர்கள். நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாசியில் ஒரு ஞாயிறு காலை, தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபடியே விழுந்தீர்கள். உங்கள் இதயம் நின்றதற்கு அந்தத் திரைதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் அளந்து பழகியவள், தெரியாததைச் சொல்லமாட்டேன். ஆனால் தோளுக்குக் காரணம் தெரியும்.

யோகன் மாமா உங்களுக்குப் பக்கத்து மேசைக்காரர். பெட்டியைத் தந்துவிட்டுப் போகாமல் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, கோவிக்காதை. நீ அளந்த அண்டைக்கு உன்ர அப்பா வேலை செய்த மாதிரி நாங்கள் ஒருநாளும் காணேல்லை. முதல்நாளே எங்கள் எல்லாரிட்டையும் வந்து சொன்னவர், நாளைக்கு என்ர பிள்ளை அளக்க வாறாள், அவளுக்கு நல்ல ரிசல்ட் வரவேணும், நான் என்ன செய்தாலும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது எண்டு."

"அப்ப நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ர படிப்பை ஆர் கெடுக்கிறது?"

"அதுக்குப் பிறகு? ஒண்டரை வருசமா நாலு மேசையும் ஓடினதே, மாமா!"

"அவரே தோளைப் பிடிச்சுக்கொண்டு ஓடேக்கை நாங்கள் என்னெண்டு முறைப்பாடு குடுக்கிறது? முறைப்பாடு குடுத்தால் உன்ர பேர்தானே முதல் வரும் எண்டு அவர் கும்பிடாத குறையாக் கேட்டவர்."

நான் கத்தினேன். அந்த நல்ல மனுசனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். உங்கள் எல்லோருடைய அன்பிலும் எனக்கு எரிச்சல் வருகிறது, அப்பா. வேகமாக இருந்தால் பிள்ளைக்கு நல்ல புள்ளி வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் உங்கள் பாட்டுக்கு, ஆடி அசைந்து, இடையில் மூக்கைச் சொறிந்துகொண்டு பொதி கட்டியிருந்தாலும் எனக்கு அதே புள்ளி வந்திருக்கும். எனக்குத் தேவைப்பட்டது உண்மையான நேரம் மட்டும்தான். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். நான் விளக்கியிருப்பேன். டெனிஷில் என்றாலும் விளக்கியிருப்பேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போனேன். மேற்பார்வையாளர் கோப்பி ஊற்றித் தந்தார். ஓகஸ்ட்டில் வேலை தொடங்குவதைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த அறிக்கையை மேசையில் வைத்து, இது பிழை, வேக எண்ணைப் பிழையாகப் போட்டேன், அளக்கவே கூடாத ஒருவரை அளந்தேன் என்றேன். மூன்றாவது மேசையில் நின்றவர் உனக்கு என்ன உறவு என்று மேற்பார்வையாளர் கேட்டார். "என் அப்பா" என்றேன். அந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மனிதர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, இதை எழுத்தில் தர முடியுமா என்றார். எழுதியே கொண்டுபோயிருந்தேன். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று இன்னும் தெரியாது.

ஒரு கிழமையில் தொழிற்சாலையிலிருந்து மரியாதையான மின்னஞ்சல் வந்தது, அந்த வேலை இப்போதைக்கு இல்லை என்று. நீங்கள் இருந்திருந்தால் "விசரி" என்று தலையில் கைவைத்திருப்பீர்கள். வையுங்கள். வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு நான்கு மேசையையும் திரும்ப அளந்திருக்கிறார்கள். இன்றைக்கு மத்தியானம் இடைவேளையில் யோகன் மாமா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அறுபத்தொண்டு போட்டிருக்கிறாங்கள். இப்ப நிமிந்து நிண்டு ஒரு வாய் தண்ணி குடிக்கலாம்."

அவருடைய குரலில் அவ்வளவு சந்தோசம். நல்லது மாமா என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு வாசலில் குந்தியிருந்து அழுதேன். அறுபத்தொன்றில் நாற்பத்துநான்கு போக, ஒரு பெட்டிக்குப் பதினேழு வினாடி, அப்பா. யோகன் மாமாவுக்குக் கிடைத்துவிட்டது. மற்ற இரண்டு மேசைக்கும் கிடைத்துவிட்டது. உங்கள் இடத்தில் நிற்கிற புதுப் பெடியனுக்கும் கிடைத்துவிட்டது. நீங்கள் மட்டும் உங்கள் பதினேழையும் எனக்குத் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் கேட்கவே இல்லை.