தோழியின் இன்சுலின்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், அதில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் சமையலறைக் குழாயையும் ஒழுகவிட்டுப் போனார். போன வாரம் ஃபோனில் உன் தோழிக்குச் சர்க்கரை, இன்சுலினை விமானத்தில் எப்படி எடுத்துவருவது என்று கேட்டாயே, அவள் பெயர் என்ன என்றேன், லைன் சரியில்லை என்றாய். அவள் போடும் அளவை மட்டும் தடுமாறாமல் சொன்னாய். வீடியோவில் பேசும்போது, சாப்பிட உட்காருமுன் எழுந்து போய், சட்டையை இழுத்துவிட்டபடி திரும்பி வருகிறாய். ஊசி போட்டுக்கொள்ள நானும் அப்படித்தான் எழுந்து போகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "புள்ள யாருக்கோ கேட்டா, உடனே துப்பறியக் கிளம்பிட்டீங்களா? பத்திரிகைக்கார புத்தி ரிட்டயர் ஆனாலும் போகாதே" என்றாள். ஆனால் அன்றைக்கு அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, தோழிக்கே சொல்கிறேன். மருந்தைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது, விமானத்தின் அடியில் குளிரில் உறைந்து கெட்டுவிடும், கைப்பையில்தான் வரவேண்டும். டாக்டர் கடிதம், மருந்துக்கடையில் பெயர்ச்சீட்டு ஒட்டித் தந்த அட்டைப்பெட்டி, சர்க்கரை இறங்கினால் வாயில் போட நாலு மிட்டாய். சோதனையில் அவர்கள் கேட்குமுன் தானே சொல்லிவிட வேண்டும். போன வருஷம் உன்னிடம் வந்தபோது என் மருந்து அம்மாவின் பையில் இருந்தது. யாருடையது என்று அதிகாரி கேட்டதும், என் வியாதி நாலு பேருக்குத் தெரிய வேண்டாமென்று "தெரிஞ்சவர் ஒருத்தருக்குங்க" என்றாள். தனியே கூட்டிப்போய்ப் பை முழுவதையும் கொட்டிவிட்டார்கள். கடைசியில், "அதோ பெல்ட் மாட்டிட்டு நிக்கிறாரே, அவருக்குத்தான்" என்று என்னைக் கைகாட்டினாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அந்த அதிகாரி.

அதனால் மருந்துச் சீட்டில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். யாருடையது என்று கேட்டால் "என்னுடையது" என்று சொல்லச் சொல். அங்கே முதல்முறை சொல்லத் தயக்கமாக இருந்தால், கிளம்புமுன் எங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். ஃபிரிட்ஜில் என் மருந்துக்குப் பக்கத்தில் அம்மா இடம் ஒதுக்கிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நோய் நொடி அண்டாமல் இரு என்று எழுதக் கை வரவில்லை. எது வந்தாலும் தைரியமாக இரு. மிட்டாயை மறக்காதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா