பல்புக்கடியில் ஏழு குஞ்சுகள்

மார்கழி, புதன் இரவு

மழலையர் வகுப்புக்குக் குளிர்காலப் பயிற்சித்தாள் தயாரிக்கச் சொல்லியிருந்தார் மேடம். அப்பா வேலை செய்யும் கோழிப்பண்ணையை வரைந்தேன். குளிருக்குக் கட்டிய பல்புக்கடியில் ஏழு குஞ்சுகள். பிள்ளைகள் எண்ணி வண்ணமடிக்க வேண்டும். வரைந்ததுமே அப்பாவிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

அச்செடுக்கும் முன் மேடம் பார்த்தார். "ஏம்மா, நாம ஸ்கூல் நடத்துறோமா, கோழிப்பண்ணை நடத்துறோமா? பேரன்ட்ஸ் சிரிப்பாங்க. பனிமனுசன் போடு." மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். அதுதான் இன்னும் கசக்கிறது.

இணையத்திலிருந்து ஒரு பனிமனிதனை எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன். "மிஸ், இட்லிக்கு எதுக்குத் துண்டு?" என்றாள் ஒரு குட்டி. "இட்லியில்லை, பனிமனிதன்" என்று திருத்தினேன். நானும் அப்படி ஒருவனைக் கண்டதில்லை.

சற்றுமுன் அப்பா போனில் கூப்பிட்டார்.

"நம்ம குஞ்சுக்குப் புள்ளைங்க கலரடிச்சாங்களா சாமி?"

"அடிச்சாங்கப்பா."

"அதுல ஒண்ணு எடுத்துக்கிட்டு வா சாமி. பண்ணையில எல்லாத்துக்கும் காட்டோணும்."

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். அதற்குள் நானே அந்தக் குஞ்சுத் தாளுக்கு வண்ணமடிக்க வேண்டும், குழந்தை அடித்தது போல, கோட்டைத் தாண்டித் தாண்டி.