ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படை அவருக்கு

ஆகஸ்ட் 25, ஞாயிறு

துவைத்த துணி காயவில்லை. மகள் விடுதியிலிருந்து கூப்பிடவில்லை. காலையில் இவரிடம் கேட்டேன்: முதல் நாள் இரவு எங்கே தங்குகிறோம்?

"போற வழியில பாத்துக்கலாம்."

இரண்டாம் நாள்?

"அதையும் போற வழியில பாத்துக்கலாம்."

பத்து நாள் பயணம், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். மொத்தத் திட்டமும் ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. என்ன ஒரு சிக்கனம்!

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். இவர் "சரி" என்றோ "முடியாது" என்றோ பளிச்சென்று சொன்ன தடவைகளை விரல்விட்டு எண்ணலாம், விரல் மிஞ்சும். ஆனால் கடையில் வேறு மனிதர். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் "எப்ப கிடைக்கும்?" என்றால், "வைண்டிங் முடிஞ்சு வியாழக்கிழமை சாயங்காலம்" என்பார். வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்தும் விடுவார். அந்த வாயைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறார் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 28, புதன்

பரிசோதனை நிலையத்தில் இன்று நூற்றுப்பத்து ரத்த மாதிரிகள். ஒவ்வொரு குழாய்க்கும் பெயர், நேரம், வரிசை எண். ஒன்றுகூட "பாக்கலாம்" என்று சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது.

மாற்றல் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. புதிய கிளைக்கு நான் தலைமை. இங்கிருந்து இருநூற்றிருபது கிலோமீட்டர். செப்டம்பர் இருபதுக்குள் பதில் வேண்டுமாம். இரவுச் சாப்பாட்டின்போது நான்காவது முறையாகக் கேட்டேன். "நான் போனா நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?"

"டூர் போயிட்டு வந்து பாக்கலாமே."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்து, பத்து இரவுக்கும் விடுதி தேட ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 31, சனி

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒற்றைப்படைத் தேதிகள் எனக்கு: முன்கூட்டியே அறை பதிவு. இரட்டைப்படை அவருக்கு: கடவுள் விட்ட வழி. எல்லைத் தகராறுகள்கூட இதைவிடச் சீக்கிரம் தீர்ந்திருக்கும்.

நாத்தனார் போன் செய்தாள். "ஏன் அண்ணி, ரெண்டு பேருக்கு ரெண்டு வண்டியா? பின்னாடி உக்காந்து போனா கௌரவம் குறைஞ்சுடுமா?" குறையும் என்றேன். மூன்று வருஷம் முன்பு எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். அந்த ஒரு மாதம் மட்டும் "இப்ப பிரேக் பிடி", "இப்ப விடு" என்று தெளிவாகப் பேசினார். தினமும் வகுப்பு வைத்துக்கொண்டிருக்கலாம்.

செப்டம்பர் 7, சனி

என் நாள். விடுதிப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே ஏரி இருந்தது. நேரில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தண்ணீர் என்ற அளவில் பொய் சொல்லவில்லை. இவர் ஜன்னலருகே நின்று, "காத்து நல்லா வருது" என்றார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டார் என்று சிவந்த காதுமடல் சொன்னது.

செப்டம்பர் 8, ஞாயிறு

அவர் நாள். ஊரில் ஏதோ வேலைக்கான தேர்வு. ஆறு விடுதியிலும் இடமில்லை. ஏழாவது இடத்தில் வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்த பார்வையிலேயே அறை இல்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி ஆயிரம் பேசினேன்.

கடைசியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவரின் கடை மாடியில் இடம் கிடைத்தது. இவர் அவருடைய தையல் மெஷின் மோட்டாரின் இரைச்சலைக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு, மாத்துங்க" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், உறவு முளைத்துவிட்டது. அந்த வீட்டு அம்மா சூடாகச் சாப்பாடு போட்டார், என் முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அறை முழுக்கப் பசை நாற்றம். நன்றாகத் தூங்கினேன். இதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

என் நாள். படத்தில் இருந்தது போலவே அறை. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

மூன்று மணிக்கே ஒரு ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினார். "இங்க தங்கலாமா?" படித்துறையை ஒட்டி இரண்டே அறை உள்ள வீடு. தண்ணீர் பாதம் வரை வந்து போனது. நல்ல இடம்தான். மிக நல்ல இடம். எரிச்சலாக வந்தது.

கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். இதைவிட நல்ல இடம் கேள்விக்கும் கிடைக்காது, பதிலுக்கும் கிடைக்காது.

"இருபதாம் தேதி பதில் சொல்லணும். வருவீங்களா?"

ஒரு கல்லை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லில் எழுதியிருக்குமோ என்று நானும் பார்த்தேன்.

"பாக்கலாம்."

என் ஒரு செருப்பை ஆற்றில் எறிந்துவிட்டேன். என் செருப்பு! அவருடையதையாவது எறிந்திருக்கலாம்.

செப்டம்பர் 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

நேற்று பதினொன்று. என் நாள். மலைமேல் உள்ள விடுதி, ரத்து செய்ய முடியாத பதிவு. மதியத்திலிருந்தே மழை. நாலு மணிக்கு ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். இன்னும் ஐம்பது கிலோமீட்டர். கடைக்கு மேலே வாடகை அறை என்று எழுதியிருந்ததை இவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"இங்கயே தங்கிடலாமா?"

"இன்னைக்குத் தேதி பதினொண்ணு."

"மழை விடாது போலிருக்கு."

"உங்க நாள்ல நான் எதாவது சொன்னேனா? பசை நாத்தத்துல படுத்தேன்ல?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். ஹெல்மெட்டை மாட்டினார். அப்போதாவது "வரமாட்டேன்" என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனா?

நின்றிருக்க மாட்டேன்.

நான் முன்னால் போனேன். கல்குவாரி லாரிகள் இறைத்துப்போன சேறு, வளைவுக்கு வளைவு. கண்ணாடியில் அவருடைய விளக்கைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வளைவு தாண்டிப் பார்க்கிறேன்... விளக்கு இல்லை. மெதுவாக வருகிறார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போனேன். எவ்வளவு தூரம்? தெரியல. விளக்கு வரவேயில்ல. வண்டியைத் திருப்பக் கை வரல எனக்கு.

ஒருவழியாகத் திருப்பிக்கொண்டு போனேன். சாலையோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி பள்ளத்தில். வலது கையை இடது கையில் ஏந்தி வைத்திருந்தார், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது போல.

என்னைப் பார்த்ததும் கேட்டார். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

விழுந்தவர் அவர். கேட்டது அவர்.

லாரிக்காரர் ஒருவர்தான் ஏற்றிக்கொண்டு வந்து இந்தச் சிற்றூர் மருத்துவமனையில் விட்டார். மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிவு. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. மலைமேல் விடுதி. "மேடம், எப்ப வர்றீங்க? உங்க ரூமுக்கு வெந்நீர் ரெடியா இருக்கு." எவ்வளவு அருமையான உபசரிப்பு! ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

மருத்துவமனைக்கு எதிரே ஒரு அறை. நர்ஸ் காட்டிய இடம். பதிவும் கிடையாது, படமும் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே மருந்துக்கடை. ஒற்றைப்படைத் தேதி. கடலோரத்தில் எங்கள் பெயரில் ஒரு அறை சும்மா கிடக்கிறது.

காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். மேல் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தார். சொல்லவில்லை.

எலும்பு டாக்டர், "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். மோட்டார் வைண்டிங், செம்புக் கம்பி சுற்றுவது என்றோம். டாக்டர் இவர் கைக்கட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆறு வாரத்துக்கு அந்தப் பேச்சே வேணாம். அப்புறமும் விரல் எவ்வளவு மடங்குதுன்னு பாக்கணும்."

பாக்கணும். இந்த வார்த்தை இப்படியும் கேட்கும் என்று நேற்று வரை தெரியாது.

மகள் போனில் அழுதாள். "நீ எங்கம்மா இருந்த அப்ப?" முன்னால் இருந்தேன் என்றேன்.

செப்டம்பர் 14, சனி

சாயங்காலம் சொல்லிவிட்டேன். "மாற்றல் வேணாம்னு எழுதிடறேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு நீங்க எப்படித் தனியா..."

"எழுதாத."

"அப்ப நீங்க வருவீங்களா?"

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியுமே. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வரல."

திரும்பிப் பார்த்தேன். சொன்னவர் இவர்தானா என்று சந்தேகம். கட்டிலில் வேறு யாரும் இல்லை.

"கடிதம் வந்த அன்னைக்கே தெரியும், நான் வரமாட்டேன்னு. பதினெட்டு வருஷமா இருக்கற கடை. அங்க வந்தா நான் யாரு? நீ வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற ஆளு. என்னால முடியாது."

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா நீ போகமாட்ட. நான்தான் தடுத்தேன்னு ஆயிடும். சொல்லாம இருந்தா... எப்படியாவது சரியாயிடும்னு நெனச்சேன்."

"எப்படி சரியாகும்?"

"தெரியல." பிறகு, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "அந்த டீக்கடையிலயும் அப்படித்தான். இது சரியில்லைன்னு தெரிஞ்சுது. வாயைத் திறக்கல. உன்மேல தப்பில்ல. நீ போ. அந்த இடத்துக்கு உன்னைவிட்டா யாரு இருக்கா?"

மூணு வாரமா! மூணு வாரமா தெரிஞ்சிருக்கு இந்த மனுஷனுக்கு! நான் பத்து ராத்திரிக்கு ரூம் தேடி, ஒப்பந்தம் போட்டு, ஆத்துல செருப்பைப் போட்டு...

வெளியே போய் மருத்துவமனையை மூன்று சுற்று சுற்றினேன். காவலாளி எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். இருபத்தோரு வருஷத்தில் கிடைத்த முதல் நேரான பதில், அதுவும் "வரல". இதற்காகவா இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்? கோபமா, நிம்மதியா? இரண்டும்தான் போல. நானும் ஒரு நாளாவது "வராட்டியும் நான் போவேன்" என்று சொன்னேனா? வருவீங்களா, வருவீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் முடிவெடுக்கிற பாரம் அவர் தலையில் அல்லவா இருக்கும்? விடுதிகளைத்தான் பதிவு செய்துகொண்டிருந்தேன். நானும் பெரிய தைரியசாலிதான்.

செப்டம்பர் 16, திங்கள்

இரண்டு வண்டிகளையும் ஒரு சுமை வண்டியில் ஏற்றி, ஓட்டுநர் பக்கத்தில் நாங்கள் இருவரும் நெருக்கி உட்கார்ந்து வீடு வந்தோம். வாசலில் நாத்தனார். "டூர் நல்லா இருந்துச்சா?"

செப்டம்பர் 20, வெள்ளி

வருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். ஒரு எழுத்துப்பிழை கண்டுபிடித்தார்.

அக்டோபர் 6, ஞாயிறு

புது ஊர். இரண்டு அறை வீடு. சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று முடிவு கட்டிவிட்டார்களாம். நாத்தனார் தகவல். "என்கிட்ட மட்டும் சொல்லு அண்ணி, என்ன பிரச்சனை?" பிரச்சனை தீர்ந்ததால்தான் வந்தேன் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 2, சனி

கட்டு பிரித்தாயிற்று. பஸ்ஸில் வந்தார். விரல்கள் முக்கால்வாசி மடங்குகின்றன. சின்ன மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றினாராம், ஒரு நாள் வேலை நான்கு நாள் ஆனதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

டிசம்பர் 14, சனி

விழுந்த பிறகு முதல்முறையாக இன்று வண்டியில் வருவதாக இருந்தார். மதியம் வானம் கறுத்தது. அவர் புறப்படும் முன் போன் செய்தேன்.

"இன்னைக்கு வராதீங்க."

"நீ சமைச்சிருப்பியே?"

"நான் சாப்பிட்டுக்கறேன்."

"சரி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்பறேன்."

மூன்று பேர் சாப்பாடு. மகளும் வருவாள் என்று அவளைக் கேட்காமலே நினைத்திருந்தேன். தனியாகவே உட்கார்ந்து கணிசமாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பதினொன்றுக்கு வர வேண்டியவர் ஒன்றே காலுக்கு வந்தார். பன்னிரண்டிலிருந்து நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சுத்தமான வாசல் இந்தத் தெருவிலேயே கிடையாது.

"பாதி வழியில கை வலிச்சுது. நிறுத்தி, ஒரு மரத்தடியில ஒன்றரை மணி நேரம் படுத்துட்டேன்" என்றார்.

வலிக்கிறது என்று இவர் வாயால் சொல்லி நான் கேட்டதேயில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது. ரத்தம் எடுக்கவா என்றேன். கையை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் இருக்கேன்."

"கடை?"

"செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்னு கதவுல எழுதி ஒட்டிட்டு வந்திருக்கேன்."

சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தரையில் படுத்தார். இப்போது குறட்டை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, யார் வந்திருப்பது என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். "ஓ, இருக்காரா?" என்றார்.

இருக்கார்.