மேரியின் வேலை அனுமதி

12 பிப்ரவரி 1990, திங்கள்

தபால்காரர் இன்று இரண்டு ஏர்மெயில் உறைகளைத் தந்தார். இரண்டும் ஹூஸ்டனிலிருந்து, ஒரே வீட்டிலிருந்து. ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள் எனக்கு ஏன் தனித்தனியாக எழுத வேண்டும்?

தாசன் வழக்கம்போல எழுதியிருக்கிறான். பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. ஏப்ரலில் நூறு டாலருக்கு டிராஃப்ட் வரும், அதை வைத்து போர்வெல் போட்டுவிடு, கிணற்று உப்புத் தண்ணீரைக் குடிக்காதே என்கிறான்.

மருமகள் மேரி எழுதியிருப்பது வேறு. அவர்கள் நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டிருக்கிறார்கள். பதில் வர இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகும். அதுவரை அவள் வேலை பார்க்க வேண்டுமென்றால் அரசாங்கத்துக்குத் தனியாக மனுவும் முப்பத்தைந்து டாலர் கட்டணமும் கொடுத்து அனுமதி அட்டை வாங்க வேண்டும். அது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு மறுபடியும் கட்டணம். அங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் இவளிடம் பேசிப் பார்த்திருக்கிறார்கள். ஆகஸ்டுக்குள் அட்டையோடு வந்தால் இடம் இவளுக்கு. தாசன் மனுவில் கையெழுத்துப் போடவில்லை, பணமும் கட்டவில்லை.

“பாப்பாவுக்கு ரத்தம் எடுக்க வந்த பொண்ணு ரெண்டு தரம் குத்தியும் நரம்பு கிடைக்கல, அத்தை. நான் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ஆறு வருஷம் அந்த வேலை பார்த்தவ நான். மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

இந்தக் கடிதம் அவனுக்குத் தெரியாது என்று கடைசியில் எழுதியிருக்கிறாள்.

13 பிப்ரவரி

தூக்கம் சரியில்லை. நான் கேட்டால் அவள் எழுதியது தெரிந்துவிடும். கேட்காவிட்டால்?

19 பிப்ரவரி

குரோம்பேட்டைக்குப் போய் மேரியின் அம்மா பேபியைப் பார்த்தேன். அவளுக்கும் மகள் எழுதியிருக்கிறாள்.

“விட்டுடுங்க சம்பந்தியம்மா. கட்டினவன் வேணாம்னா வேணாம். நாளைக்கு ஒரு சண்டைன்னா, ‘எங்கம்மாகிட்டயே கோள் மூட்டினவதானே நீ’ன்னு சொல்லிக் காட்டுவாரு. அங்க அவளுக்குன்னு யாரு இருக்கா, சொல்லுங்க?”

மகள்மேல் பாசம் இல்லாமல் சொல்லவில்லை. பயத்தில் சொல்கிறாள். நானோ பையனைப் பெற்றவள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆகவே பேச வேண்டியவள் நான்தான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. தாசனிடம் நேராகக் கேட்டு எழுதிவிட்டேன். மேரியைக் கோபிக்காதே என்று முதல் வரியிலேயே போட்டேன்.

15 மார்ச்

தாசனின் பதில். கோபம் இல்லை, உதாரணம் சொல்லியிருக்கிறான். என் பிள்ளைதானே!

“பஸ் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு ஆட்டோவுக்கு எதற்கம்மா செலவு? நிரந்தர அட்டை வந்துவிட்டால் வருஷா வருஷம் ஃபீஸே இல்லாமல் அவள் வேலை பார்க்கலாம். பாப்பாவும் சின்னக் குழந்தை.”

நல்ல உதாரணம்தான். வகுப்பில் சொல்லியிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன். ஆனால் தாம்பரத்தில் ரயில் பிடிக்க வேண்டியவனுக்கு பஸ் வருமா வராதா என்பது மட்டும் கேள்வி இல்லை. பஸ் வருவதற்குள் ரயில் போய்விடுமா என்பதுதான் கேள்வி. மேரியின் ரயிலுக்கு ஆகஸ்டில் நேரம் குறித்திருக்கிறார்கள். இவன் நிறுத்தத்தில் நின்றுகொண்டு சில்லறை மிச்சம் என்கிறான்.

என் மகன் கெட்டவன் இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

19 மார்ச்

பணம்தான் காரணமென்றால் நானே கட்டிவிடுகிறேன் என்று பாங்குக்குப் போனேன். இன்றைய விலையில் அறுநூறு ரூபாய் போல ஆகும். என் பென்ஷனில் பாதிக்கு மேல். போகட்டும்.

கவுண்டருக்குப் பின்னால் சம்பத், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். டாலரில் ஒரு டிராஃப்ட் வேண்டும், மருமகளுக்கு ஃபீஸ் கட்ட என்றேன். எழுந்து நின்றுவிட்டான்.

“டீச்சர், உள்ள வர்ற டாலருக்கு மாலை போடுவோம். வெளிய அனுப்பணும்னா ரிசர்வ் பாங்க் பர்மிஷன் வேணும். இதுக்கெல்லாம் தரமாட்டாங்க, டீச்சர்.”

“என் பணம்தானேப்பா?”

“உங்க பணம்தான். ரூபாயா இருக்கற வரைக்கும்.”

அவனே டீ வரவழைத்துக் கொடுத்தான். பாஸாகாத பையனுக்கு நான் பிஸ்கட் கொடுத்த மாதிரி இருந்தது.

20 மார்ச்

பக்கத்து வீட்டு வேதாசலத்திடம் சொன்னது தப்பு. அவருக்கு எல்லாவற்றுக்கும் வழி உண்டு.

“இன்னா டீச்சரம்மா, இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்கினு! என் மச்சான் புள்ள அங்கதான் கீறான். ரூபாய இங்க என் கைல குடுத்துடுங்க, அவன் அங்க டாலரா கட்டிருவான். எவனுக்குத் தெரியப் போவுது?”

“அது சட்டப்படி தப்பாச்சே.”

“பரிட்சை பேப்பரா திருத்துறீங்க? ஊரே பண்ணிக்கினு கீது!”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்காமலும் இல்லை. ஆனால் மேரி அரசாங்கத்திடம் முறையாக அனுமதி கேட்கிறாள். அதற்கு நான் முறைகேடாகப் பணம் அனுப்புவதா?

23 மார்ச், வெள்ளி

சாதம் வடிக்கும்போது தோன்றியது. ஏழாம் வகுப்புக் கணக்கு!

ஒருவனுக்கு ஐந்து ரூபாய் கொடுப்பதும் அவன் எனக்குத் தரவேண்டிய ஐந்தை நான் விட்டுவிடுவதும் ஒன்றுதான் என்று எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டாலரை என்னால் அனுப்ப முடியாது. வராமல் நிறுத்த முடியும். அதற்கு ரிசர்வ் பாங்க் எதற்கு?

உடனே உட்கார்ந்து எழுதினேன். ஏப்ரல் டிராஃப்ட் எனக்கு வேண்டாம். அதில் முப்பத்தைந்தை மேரியின் மனுவோடு கட்டு. மீதியை அடுத்த வருஷக் கட்டணத்துக்கு எடுத்து வை. போர்வெல் பிறகு பார்க்கலாம். நீ கட்டவில்லை என்றால் அது பணத்துக்காக இல்லை என்று தெரிந்துகொள்வேன். அப்போது உண்மையான காரணத்தை என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்.

கடைசி இரண்டு வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஒட்டிவிட்டேன்.

15 ஏப்ரல், ஈஸ்டர்

அவனிடமிருந்து போன் வரும் என்று வேதாசலம் வீட்டில் பதினோரு மணிவரை இருந்தேன். வரவில்லை. எந்த ஈஸ்டருக்கும் தவறியதில்லை.

30 ஏப்ரல்

டிராஃப்ட் வரவில்லை. கடிதமும் வரவில்லை. கட்டிவிட்டானா, கோபமா? டிராஃப்ட் வராததற்கு இரண்டு விடை பொருந்துகிறது. கேள்வியைச் சரியாகப் போடாதவள் நான்தான்.

21 மே

தண்ணீர் லாரி வரவில்லை. மூன்று தெரு தள்ளிக் குழாயடியில் நின்றேன். ஒரு பெண், “அமெரிக்காவுல புள்ள கீது, நீ இன்னாத்துக்கு ஆயா கொடம் தூக்குற?” என்றாள். சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். குடத்துக்காக இல்லை.

17 ஜூன்

பேபி வந்தாள். மேரியிடமிருந்து அவளுக்கும் ஒரு வரி இல்லை. “நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர்களுக்கு நடுவில் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? ஒரு பெண்ணின் வேலைக்காகப் பேசப்போய் அவள் வீட்டையே— இல்லை. அப்படி நினைக்கக் கூடாது.

29 ஜூலை

ஒன்றுமில்லை. மழை வருகிற மாதிரி இருந்து போய்விட்டது.

2 செப்டம்பர், ஞாயிறு

கோயிலுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போது வேதாசலம் மதில்மேல் எட்டி, “டீச்சரம்மா, ஹூஸ்டன்! ஓடியாங்க!” என்று கத்தினார். செருப்பில்லாமல் ஓடினேன்.

போனில் முதலில் கேட்டது பாப்பாவின் அழுகை. அப்புறம்தான் தாசன்.

“அம்மா, இது தூங்கவே மாட்டேங்குது. ரெண்டு மணி நேரமா கத்துது. என்ன பண்ணணும்?”

ஐந்தரை மாதத்துக்குப் பிறகு மகனிடமிருந்து வந்த முதல் வார்த்தை.

“மேரி எங்கடா?”

“லேபுக்குப் போயிருக்கா. சனிக்கிழமைன்னா அவளுக்கு நைட் ஷிஃப்ட்.”

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, மேரி வேலைக்குப் போகிறாள் என்று வேதாசலத்திடம் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கத்தினான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நட, உட்காராதே என்றேன். ரிசீவரை அதன் காதில் வைக்கச் சொல்லிப் பதினேழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்னேன். எனக்குத் தெரிந்த தாலாட்டு அதுதான். வேதாசலம் வீட்டில் டி.வி.யை நிறுத்திவிட்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இரண்டாம் தரம் சொல்லும்போது அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது.

“தூங்கிடுச்சு” என்று கிசுகிசுத்தான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“ஏப்ரல்ல நான் கட்டின அந்த ஃபீஸ் அடுத்த வருஷமும் கட்டணும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நான் கட்ட வேணாமாம். அவ சம்பளத்துல அவளே கட்டிக்கிறாளாம்.”

குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.