தண்ணீரில் போகிற சிவப்பு

விருத்தாசலம்
12.6.1996

அன்புள்ள அனுசியா அப்பாவுக்கு,

இங்கே வெயில் குறையவில்லை. பொம்மைக் கம்பெனியில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அனுசியாவின் தலைமுடிக்குச் சாயம் போட்டோம். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். கடைவீதி ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியது, இரண்டு தடவை தலைக்கு ஊற்றினால் போய்விடுகிற சிவப்பு. முதலில் காதோரம் ஒரு கற்றையில் தடவிப் பார்த்தோம். எண்ணெய்ப் பிசுக்கில் பிடிக்கவில்லை. சீயக்காய் போட்டு அலசிக் காயவைத்துத் தடவியதும் பிடித்தது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடிக்கு ஒரு பாட்டில் பாதிக்குக்கூடப் போதவில்லை. இன்னும் இரண்டு வாங்கி வந்தேன்.

"ரெண்டு தண்ணியில போயிடும்டி, அப்பாவுக்குத் தெரியாது" என்றேன்.

"அதுக்குள்ள முடியே போயிடும்மா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சீப்பை எடுத்து வாரத் தொடங்கினேன்.

மருந்து ஏற்றிய மூன்றாவது வாரம் கொட்ட ஆரம்பிக்கும் என்று டாக்டர் அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார். முதல் மருந்து ஏற்ற வெள்ளிக்கிழமை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மற்றதை என் தம்பி போனில் சொல்லியிருப்பான்.

சாயங்காலம் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பின்னிக்கடி" என்றேன்.

"பாத்துட்டுப் போவட்டும்மா" என்றாள்.

வழியில் ஸ்டுடியோவில் எடுத்த கலர் போட்டோ இதில் இருக்கிறது.

திட்டுவதாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அவளுக்கு, நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். மஸ்கட்டிலிருந்து தபால் வரப் பத்து நாள் ஆகிறது. இது கிடைத்த அன்றைக்கே போட்டுவிடுங்கள். முடி இருக்கும்போதே வந்து சேரட்டும்.

உங்கள் வீட்டுக்காரி